செலவு குறித்த உத்தரவு

வடக்கே ஹெஸ்டர் பிளெங்கினின் டர்னிப் வயல்.
தெற்கே மெட்ஃபோர்த் காரவன் நிறுத்துமிடம்.
மேற்கே முள்வேலி, கத்தரிக்க ஆளின்றி மரமாகிப்போனது.
கிழக்கே கடல்.
இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய
ஒன்பதடி அகல, நாற்பதடி நீளக் களிமண்
யாருக்குப் பாத்தியம் என்பதுதான் வழக்கு.

மூன்று வருடம். பதினோரு வாய்தா.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டு,
அதில் ஒரு பழைய வரைபடம்.
எல்லைக்கோட்டை மையில் இழுத்திருந்தார் எவரோ.
அந்தக் கோட்டின் தடிமனே
தரையில் நாலடி வரும் என்றார் சர்வேயர்.
வழக்கில் பாதி அந்த மைக்குள் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு
நிலம் விழுந்துவிட்டது.
பெரிய சத்தமில்லை.
நாய் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டதாம்.
ஹோல்டர்னஸில் கரை என்பது
கரைகிற வேலையைத்தான் செய்கிறது.

வெள்ளிக்கிழமை இரு தரப்பு வக்கீல்களும் எழுதினார்கள்:
மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை.
செலவுத்தொகை மட்டும் பாக்கி.

பாக்கி, நாற்பத்தேழாயிரம் பவுண்டு.
நிலத்தின் மதிப்பு, நின்றபோது, அறுநூறு.

ஹல் நகரத்து நீதிமன்றத்தில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டர் வேலை செய்யாத அறையில்
இருவரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
நான் ஜெயித்திருப்பேன், என்றார் அம்மையார்.
நானும்தான், என்றார் அவர்.
இருக்கலாம்.
ஆனால் விசாரிக்காமல் விட்டதற்கு யார் பணம் தருவது என்று அறிய
விட்ட வழக்கையே நான் விசாரிக்கக் கூடாது.
சமைக்காத சோற்றில்
உப்பு கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது.

ஒரு கடிதம் இருந்தது. பக்கம் இருநூற்று ஆறு.
முதல் வருடமே மெட்ஃபோர்த் கைப்பட எழுதியது:
ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம்,
வேலி வெட்டும் கூலி என்னுடையது.
பதில் போடவில்லை, ஏன்? என்று கேட்டேன்.
அம்மையார் கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார்.
அந்த வாரம் என் வீட்டுக்காரரை அடக்கம் செய்தோம், என்றார்.
மெட்ஃபோர்த் வக்கீலைப் பார்த்தார்.
வக்கீல் மேசையைப் பார்த்தார்.
எனக்குத் தெரியாது, என்றார் மெட்ஃபோர்த்,
என்னிடம் அல்ல.

நிலத்தை எடுத்துக்கொண்டவரே செலவும் கட்டட்டும்,
யாரோ முணுமுணுத்தார்கள்.
கடல் இந்த வழக்கில் பிரதிவாதி அல்ல,
சம்மன் சார்பு செய்ய முகவரியும் இல்லை
என்று பதிவு செய்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

உத்தரவு: அவரவர் செலவு அவரவருக்கு.
ஒரு விலக்கு.
நிலம் விழுந்த ஒன்பதாம் நாள்
வாதி சர்வேயரைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறார்.
அவர் போயிருக்கிறார்.
டேப்பின் ஒரு முனையை வேலியில் கட்டிவிட்டு
மறுமுனையோடு நடந்து
நிற்க இடமில்லாத இடம் வரை போய்
அளவு எடுக்க இயலவில்லை என்று
முறையாக அறிக்கை தந்திருக்கிறார்.
கட்டணம் எண்ணூற்று நாற்பது பவுண்டு.
அதில் சரிபாதியைப் பிரதிவாதியிடம் கேட்டிருந்தார்கள்.
தள்ளுபடி. முழுவதும் வாதியே கட்ட வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில்தான்
எனக்குச் சந்தேகமே வரவில்லை.
இதை எழுதும்போதுதான் கை தயங்கியது.
அவர் அங்கே ஆளை அனுப்பியது
அளக்கத்தானா என்று
நான் கேட்டிருக்கலாம்.
மனுவில் அந்தக் கேள்வி இல்லை.

உத்தரவின் அடியில் சொத்து விவரம் நிரப்ப வேண்டும்.
வடக்கு எழுதினேன். தெற்கு எழுதினேன்.
மேற்கே வேலி என்று எழுதிவிட்டு
குமாஸ்தாவை போன் செய்து கேட்கச் சொன்னேன்,
இன்னும் இருக்கிறதா?
இருக்கிறதாம்.
காலையில் பார்த்தபோது.